சமரச மேசையில் தீர்ப்பு கிடைக்காது

ஆஸ்திரேலியாவில் இனம், நிறம், பாலினம், வயது, மாற்றுத்திறன் ஆகியவற்றைக் காரணமாக்கி வேலையிலோ வாடகை வீட்டிலோ கடையிலோ ஒருவரை ஒதுக்கினால், அவர் ஆஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழிலேயே எழுதி அனுப்பலாம். புகார் ஏற்கப்பட்டால் அது ஓர் அதிகாரியின் கைக்குப் போகும். விசாரிப்பதும் அவர்தான், இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவதும் அவர்தான். சிட்னியிலும் மெல்பர்னிலும் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்கள் இந்த அதிகாரியால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவரை நீதிபதி என்றோ தம் வக்கீல் என்றோ நம்பிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் இரண்டும் இல்லை என்று அறிந்து போகிறவருக்கு இது நல்ல வழி.

இந்த வரம்புக்கு ஒரு வரலாறு உண்டு. இனப் பாகுபாட்டுச் சட்டம் 1975-ல் வந்தது. பாலினப் பாகுபாட்டுக்கு 1984-லும் மாற்றுத்திறனுக்கு 1992-லும் வயதுக்கு 2004-லும் தனிச் சட்டங்கள் வந்தன. ஒரு காலத்தில் ஆணையமே புகாரைக் கேட்டு முடிவு சொன்னது. அந்த முடிவை ஃபெடரல் நீதிமன்றத்தில் பதிவு செய்தால் நீதிமன்ற ஆணைபோலவே அமலாகும் என்றும் ஏற்பாடு இருந்தது. 1995-ல் பிராண்டி வழக்கில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது என்பதே காரணம். 2000 ஏப்ரலிலிருந்து ஆணையத்தின் கையில் விசாரணையும் சமரசமும்தான். ஆகவே, “உங்களுக்கு நடந்தது பாகுபாடுதான்” என்று அதிகாரி எழுதித் தரமாட்டார். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவிடவும் அவரால் முடியாது.

அப்படியென்றால் அங்கே போய் என்ன பயன் என்று கேட்கலாம். பயன், புகார் எழுதப்படும் விதத்திலேயே தொடங்குகிறது. அதிகாரி புகாரைப் படித்து, சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று பார்ப்பார், எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பார், இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே முரண் என்று பார்ப்பார். “மேலாளர் என்னைத் தொடர்ந்து அவமானப்படுத்தினார்” என்ற வரிக்கு, “நாங்கள் எல்லோரையும் மரியாதையாகவே நடத்துகிறோம்” என்ற பதில் வந்துவிடும். அத்தோடு அந்த வரி செத்துவிடும். அதையே, எந்தத் தேதி, ஷிஃப்ட் மாறும் எந்த நேரம், ரோஸ்டர் ஒட்டிய பலகையின் முன்னால் யார் யார் நின்றார்கள், என் உச்சரிப்பைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் என்ன, அடுத்த வாரம் என் மணிநேரம் எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது, அதே வேலை செய்யும் மற்றவருக்குக் குறைந்ததா என்று எழுதினால், எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ரோஸ்டர் படம், சம்பளச் சீட்டு, மின்னஞ்சல், அன்றன்று எழுதிய குறிப்பு ஆகியவையே மேசையில் எடை சேர்ப்பவை. ஆதாரம் தேடும் அவசரத்தில் செல்போனில் ரகசியமாக ஒலிப்பதிவு செய்துவிட வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் ஒப்புதலில்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்வது பெரும்பாலும் குற்றமாகிவிடும்.

சமரசக் கூட்டம் நேரிலோ தொலைபேசியிலோ காணொளியிலோ நடக்கும். எதிராளியின் முகத்தைப் பார்க்கவே விருப்பமில்லை என்றால் இருவரையும் தனித்தனியாக வைத்து அதிகாரி இடையே போய்வருவார். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் செலவின்றி ஏற்பாடு செய்வார்கள். அங்கே பேசியது எதையும் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது என்பதால் இரு தரப்பும் மனம் விட்டுப் பேசலாம். மன்னிப்புக் கடிதம், பணம், பழைய வேலை, நற்சான்று, நிறுவன விதிகளில் மாற்றம் என எதையும் கேட்கலாம். நீதிமன்றத்தில் மன்னிப்புக் கடிதம் கிடைப்பது அரிது. இங்கே அது சாதாரணமாகப் பேசப்படும் விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வரியும் விடாமல் படியுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது, இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பக்கூடாது என்ற நிபந்தனைகள் உள்ளே இருக்கும். சமூகச் சட்ட மையங்களும் சட்ட உதவி அலுவலகங்களும் இலவச ஆலோசனை தருகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இழைக்கப்பட்டது அநீதி, அதைப் பேரம் பேசித் தீர்ப்பதா? பெரிய நிறுவனமும் தனி ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது சமமா? நியாயமான கேள்வி. அதிகாரியின் நடுநிலை மட்டும் அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிடாது. மேசையைச் சமமாக்குவது அதற்குப் பின்னால் இருக்கும் நீதிமன்றம்தான். சமரசம் முறிந்து ஆணையம் புகாரை முடித்துவைத்தால், 60 நாட்களுக்குள் ஃபெடரல் நீதிமன்றம் போகலாம். 2014-ல் ஆரக்கிள் நிறுவன ஊழியர் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில், முதலில் கிடைத்த 18,000 டாலர் நஷ்டஈட்டை மேல்முறையீட்டு அமர்வு 1,30,000 ஆக்கியது. அப்படியொரு தீர்ப்பு பின்னால் இருக்கும்போது, சமரசத்துக்கு வரும் நிறுவனங்களின் வக்கீல்கள் சின்னத் தொகையோடு பேச்சைத் தொடங்குவது எளிதல்ல. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டுமே என்ற பயம்தான் பலரைத் தடுத்துவந்தது. 2024-ல் செலவு பற்றிய அந்த விதியும் மாறியது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கவோ நியாயமின்றியோ வழக்கு நடத்தாதவரை, தோற்ற புகார்தாரர் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. இந்த ஒரு திருத்தம் சமரச மேசையின் சாய்வை வெகுவாக நிமிர்த்தியிருக்கிறது.

மூடிய அறைக்குள் முடிந்துபோனால் அதே நிறுவனம் அடுத்தவருக்கும் அதையே செய்யும் என்பது இரண்டாவது மறுப்பு. இது உண்மை. சமரசம் ஒருவரின் காயத்துக்குத்தான் மருந்து. நிறுவனத்தின் பழக்கத்தை அது தானாக மாற்றாது. பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் 2022-ல் நாடாளுமன்றம் ஒரு வழி செய்தது. புகார் வருவதற்கு முன்பே தடுப்பது முதலாளியின் கடமை என்று சட்டமாக்கியது. 2023 டிசம்பர் முதல் அந்தக் கடமையைச் செய்கிறார்களா என்று விசாரிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு வந்தது. இனப் பாகுபாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கடமை இல்லை. தோல் நிறத்தாலும் பெயராலும் உச்சரிப்பாலும் ஒதுக்கப்படுபவர் மட்டும் ஒவ்வொரு முறையும் தனியாளாகவே போராட வேண்டும் என்பது நியாயமல்ல. சாதி என்ற சொல்லும் அந்தச் சட்டத்தில் கிடையாது. வம்சாவளி என்ற சொல் மட்டும் உண்டு. இச்சட்டத்துக்கு மூலமான சர்வதேச உடன்படிக்கையில் வரும் வம்சாவளிக்குள் சாதியும் அடங்கும் என்று ஐ.நா. குழு 2002-லேயே சொல்லிவிட்டது. அதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்களில் நாமும் உண்டு.

விசா போய்விடுமோ என்ற அச்சமே நம்மவர் வாயை அதிகம் அடைக்கிறது. விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே, முதலாளிக்குக் கிடையாது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம். 482 போன்ற ஸ்பான்ஸர் விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் புதிய ஸ்பான்ஸரைத் தேட 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள் அவகாசம் உண்டு. ஆபத்தே இல்லை என்று சொல்லமுடியாது. நற்சான்றுக்காக அதே முதலாளியை நம்பியிருப்பவர் யோசித்தே அடியெடுத்து வைக்க வேண்டும். ஆனால் யோசிப்பதற்கும் பயந்து ஒதுங்குவதற்கும் நடுவே காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். சம்பவம் நடந்து 24 மாதம் தாண்டிவிட்டால் ஆணையம் புகாரை முடித்துவைக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாகுபாட்டுப் புகார் அமைப்பில் அது 12 மாதம்.

வேலையிலிருந்தே நீக்கியிருந்தால் இன்னொரு வாசலும் உண்டு. ஃபேர் வொர்க் ஆணையத்திடம் 21 நாட்களுக்குள் மனு போட வேண்டும். ஒரே பணிநீக்கத்துக்காகப் பொதுவாக இரண்டு இடத்திலும் வழக்கு நடத்த முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்த 21 நாட்களுக்குள்ளேயே சட்ட மையத்தில் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணை அழைத்து “தமிழ்” என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார்.