கை எட்டும் வயது

வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. எட்டவில்லையென்றால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க." பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீடுகளுக்கு அதுதான் வயதுக் கணக்கு. என் வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான் பள்ளியில் சேர்ந்தோம். கை வளரும்வரை பாட்டியும் திண்ணையும் தெருப்பிள்ளைகளும் பொறுப்பு. பால்வாடி இருந்த ஊர்களில் ஆயா வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமத்துக் குழந்தைகள் மையங்களுக்கும் மதியச் சோறு கொண்டுவந்தது. எந்த இடம் நல்லது என்று யாரும் அலையவில்லை, இருந்ததே ஒன்றுதான்.

போன வருஷம் என் மகளோடு நான் அலைந்தேன். பேத்திக்கு இரண்டரை வயது. ப்ரீ கே.ஜி.யில் இடம் பிடிக்க, சேர்க்கைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம். ஓரிடத்தில் ஏ.சி. அறை, கேமரா, வாசல்வரை வேன் எல்லாம் காட்டினார்கள். கழிப்பறையைக் காட்டுங்கள் என்றேன், தயங்கினார்கள். உள்ளே மூன்று வயதுப் பிள்ளைகள் நால்வரி நோட்டில் புள்ளிகளை இணைத்து 'ஏ' எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துடைப்பது என்று கைக்கான வேலைகள்தாம் அவர் முறையில் முதலில் வரும். இன்று அவர் பெயர் தெருவுக்குத் தெரு பலகையில் இருக்கிறது. பலகையை விட்டுவிட்டு அலமாரியைப் பாருங்கள். பிள்ளை தானே எடுக்கும் உயரத்தில் பொருள்கள் இருக்கின்றனவா?

எங்கள் தெருமுனையிலேயே அங்கன்வாடி உண்டு. பாட்டு, கதை, சத்துமாவு, முட்டை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. கூடத் தொடங்கினார்கள். எங்கள் தெருமுனை மையத்து டீச்சரின் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. மகளுக்கும்தான். ஆனால் மையம் மாலையில் சீக்கிரமே மூடிவிடும், அவள் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். நல்ல இடத்தைக் கடிகாரம் பார்த்து விட்டுக்கொடுத்தோம். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காக இந்த நேரத்தை நீட்ட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கடைசியில் வேப்பமர நிழலில் மணல்மேடு உள்ள ஒரு சின்ன வீட்டுப்பள்ளி கிடைத்தது. "எப்ப எழுத ஆரம்பிப்பாங்க?" என்று பெற்றோர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள். "கை தயாரானதும்" என்கிறார் டீச்சர். போன வாரம் என் பேத்தி அங்கே உரித்த பட்டாணியை டப்பாவில் கொண்டுவந்தாள். பதினொன்று இருந்தது. குழம்பில் போடச் சொன்னாள்.