ஒளியை அறிந்து படம் எடுப்போம்

ஆண்டுதோறும் நவராத்திரி தொடங்குவதற்கு முன்பு, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக எழுந்தருளுகின்றன. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரே அம்மூவர். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் 1956ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உள்ளது. நவராத்திரி நாள்களில் முருகன் தங்கும் இடம் ஆரியசாலை அம்மன் கோவில் ஆகும்.

ஊர்வலம் நகருக்குள் வரும்போது பொழுது சாய்ந்துவிடும். தெருவின் இருபுறமும் கைப்பேசிகள் உயரும். ஆனால், பின்னர் எடுத்துப் பார்த்தால் பல படங்களில் பல்லக்கு கலங்கியும் முகங்கள் இருண்டும் இருக்கும். சொந்த ஊரில் உள்ள பாட்டிக்கு அனுப்ப ஒரு தெளிவான படம்கூட இராது. அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இக்குறை ஏன் நேர்கிறது? 'போட்டோகிராபி' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். தமிழில் 'ஒளிப்படம்' என்பதும் அதனாலேயே. ஒளி குறைந்த இடத்தில், போதிய ஒளியைப் பெறுவதற்காகக் கேமரா கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்நேரத்தில் கை அசைந்தால் படம் முழுவதும் கலங்கும். பல்லக்கு அசைந்தால் பல்லக்கு மட்டும் கலங்கும்.

ஆகவே, கைப்பேசியை இரு கைகளாலும் பற்றி, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சுவரிலோ தூணிலோ சாய்ந்து நிற்பது இன்னும் நன்று. பல்லக்கு நின்று செல்லும் நொடியே படம் எடுக்க ஏற்ற நொடி. கைப்பேசியின் பிளாஷ் ஒளி சில மீட்டர் தொலைவுக்கே எட்டும். தொலைவில் வரும் பல்லக்கிற்கு அது பயன்படாது. தெருவிளக்கின் ஒளி விழும் இடத்தைத் தேர்ந்து, பல்லக்கு அங்கு வரும்வரை காத்திருப்பதே சிறந்தது.

பகலிலும் ஒளியின் திசையை நோக்க வேண்டும். உச்சிவெயிலில் கண்களின் கீழ் நிழல் விழும். சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டுபவரைப் படம் எடுப்பதாயின், கடைப்பந்தலின் நிழல் ஏற்றது. அங்கு முகத்தில் ஒளி சீராகப் படியும். ஒளி முகத்திற்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். அப்போது எடுப்பவர் தாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சட்டகம். கைப்பேசித் திரையில் கட்டக் கோடுகளைத் தோன்றச் செய்யலாம். அவை திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும். முதன்மையான பொருளை நடுவில் வைக்காமல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். பல்லக்கு செல்லும் திசையில் சிறிது வெற்றிடம் விட்டால், அது நகர்ந்து செல்வது படத்திலும் புலப்படும். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்கினால் படத்தின் தெளிவு குறையலாம். இயன்றால் இரண்டடி முன்னே நடப்பது மேல். லென்ஸை மென்துணியால் துடைக்கவும் மறத்தலாகாது.

ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரது இசைவைக் கேட்பது பண்பு. கோவிலுக்குள் படம் எடுக்கலாமா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

செய்து பார்க்க: வீட்டுச் சன்னலருகே ஒருவரை அமரச் செய்து, ஒளி அவருக்கு முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் இருக்குமாறு மூன்று படங்கள் எடுக்க. அவற்றின் வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.