ஒரே அடுப்பு, இரண்டு வயிறு!

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பள்ளிக்கூடத்தில் சோறு போட வேண்டும். இதிலும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், யார் போடுவது? ஊரார் போடுவதா? சர்க்கார் போடுவதா? தர்ம ஸ்தாபனம் போடுவதா? அடுப்படியில் வெந்து சோறு ஆக்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

இந்தக் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட அடுப்புகள் நூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகின்றன. அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஓர் அணாச் சாப்பாடு

1920-ஆம் ஆண்டு. சென்னை ஆயிரம் விளக்கில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அப்போது கார்ப்பரேஷன் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கக் கார்ப்பரேஷன் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் செலவு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்றும் கட்டுப்பாடு செய்தது.

சிறிய தொகைதான். ஆனால், அது வரிப் பணம். பிள்ளையின் பசியைத் தீர்ப்பது ஊராட்சியின் கடமை என்று சொன்ன பணம்.

ஊர் கொடுத்த நெல்

36 ஆண்டுகள் கழித்து, 1956-இல், முதல்-மந்திரி காமராஜர் மதிய உணவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 

சர்க்கார் கஜானாவில் பணம் குறைவு. எனவே, காமராஜரும் கல்வி டைரக்டர் நெ.து. சுந்தரவடிவேலுவும் மக்களிடம் போனார்கள். ஊரார் கை கொடுத்தார்கள். நெல் கொடுத்தவர்கள் உண்டு. காய்கறியும் விறகும் கொடுத்தவர்கள் உண்டு. பானையும் தட்டும் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு.

1956–57 பட்ஜெட்டில் 8 ஆயிரம் பள்ளிகளில் 65 ஆயிரம் பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு 200 நாள் சோறு போட ஏற்பாடு ஆயிற்று. கணக்குப் பார்த்தால், பள்ளிக்கு எட்டுப் பேர். இருப்பவர்களில் மிகவும் இல்லாத எட்டுப் பேர்!

நயா பைசாக் கணக்கில் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் சர்க்கார் 6 காசு கொடுத்தது. மீதி 4 காசு ஊர்ப் பொறுப்பு.

மழை பொய்த்தால்?

ஊர் கொடுத்ததால்தான் அடுப்பு எரிந்தது. அதை மறக்கக் கூடாது.

ஆனால், நன்கொடையில் ஒரு சங்கடம் உண்டு. மழை பெய்தால் களத்தில் நெல் குவியும். கொடுக்கிறவர் கை நீளும். மழை பொய்த்தால்? கொடுக்கிறவருக்கே இருக்காது. அந்த ஆண்டில்தான் பிள்ளைகளுக்குப் பசி அதிகம்!

பணக்கார ஊரில் நன்கொடை நிறைய வரும். பரம ஏழை ஊரில் யார் கொடுப்பார்கள்? எந்த ஊருக்குச் சோறு அதிகம் வேண்டுமோ, அந்த ஊரில்தான் கொடுக்க ஆள் குறைவு.

1961 முதல் 'கேர்' என்ற தொண்டு ஸ்தாபனம் பால் பவுடரும் எண்ணெயும் தந்து உதவியது. அதுவும் பெரிய உதவி. ஆனாலும், கடல் கடந்து வரும் உதவி என்றைக்கு நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

அடுப்பை மூட்ட நன்கொடை போதும். அணையாமல் காக்க நிலையான பணம் வேண்டும்.

அவளுக்கும் ஒரு வேலை

1982 ஜூலை 1-ந்தேதி. திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சோறு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984-இல் 15 வயது வரை உள்ளவர்களையும் சேர்த்தார்கள்.

"இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டவர்கள் பலர். சோற்றுக்குச் செலவழித்தால் தொழிலுக்குப் பணம் இருக்காதே என்றும் சொன்னார்கள்.

ஆனால், இந்தத் திட்டம் சோறு மட்டும் போடவில்லை. வேலையும் கொடுத்தது!

ஒவ்வொரு சத்துணவு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். வேலை கொடுப்பதில் விதவைகளுக்கும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும், ஆதரவு இல்லாதவர்களுக்கும் முன்னுரிமை.

அதுவரை அந்தப் பெண்ணுக்கு என்ன வழி இருந்தது? நடவு, களை, அறுப்பு. வயல் காய்ந்தால் அதுவும் இல்லை. இப்போது உள்ளூரிலேயே, நடந்து போகிற தூரத்தில், மாதா மாதம் பணம் வரும் வேலை. அந்தப் பணம் எங்கே போகும்? உள்ளூர் மளிகைக் கடைக்குத்தான்!

இன்று தமிழ்நாட்டில் சுமார் 43 ஆயிரம் சத்துணவு மையங்கள் இருக்கின்றன.

நாமக்கல் முட்டை

சர்க்கார் செலவு செய்தால் தனியார் தொழில் படுத்துவிடும் என்பார்கள். நாமக்கல்லைப் பாருங்கள்.

1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வாரம் ஒன்று ஆகி, 2010-இல் வாரம் ஐந்து ஆயிற்று. இந்த முட்டைகள் நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து வருகின்றன. பண்ணைகள் தனியாருடையவை. தீவனம் அரைப்பவர், முட்டை பொறுக்குபவர், லாரி ஓட்டுபவர் எல்லோருக்கும் அந்தத் தட்டில் பங்கு உண்டு.

தட்டு சர்க்காருடையது. முட்டை தனியாருடையது. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளையின் வயிறு நிறைகிறது.

எந்திரச் சமையல்

2000-ஆம் ஆண்டில் பெங்களூரில் 'அட்சய பாத்திரம்' என்ற தனியார் அறக்கட்டளை 5 பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் அது உணவு தருகிறது. சர்க்கார் தானியமும் பணமும் தருகிறது. நன்கொடையும் சேர்கிறது.

பெரிய சமையல்கூடம். பிரம்மாண்டமான அண்டாக்கள். சப்பாத்தி சுடவும் எந்திரம்! சுத்தம் உண்டு, வேகம் உண்டு. நெருக்கமான நகரத்துப் பள்ளிகளில் தனியாக அடுப்பு மூட்ட இடம் ஏது? அங்கே இது நல்ல வழிதான்.

ஆனால், எந்திரம் சமைத்தால் ஆள் குறையும். கிராமத்து விதவைக்குக் கிடைக்கும் வேலை அங்கே கிடையாது. சோற்றின் விலையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

கரண்டி யார் கையில்?

2001-இல் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா மாநிலங்களும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2004-இல் இன்னொன்றும் சொன்னது. சமையல் வேலையில் தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மார்கள் சமைக்கிறார்கள். தன் பிள்ளையும் உண்ணும் உப்புமாவில் எந்தத் தாய் குறை வைப்பாள்?

தலித் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரும் சில ஊர்களில் இருந்தார்கள். அதிகாரிகள் நேரில் போய், அதே சோற்றை உட்கார்ந்து உண்டார்கள். வேலை கொடுப்பது வயிற்றுக்கு மட்டும் அல்ல; மானத்துக்கும்தான்.

இன்னும் ஒரு கணக்கு

கதை முழுவதும் இனிப்பு அல்ல.

2009-இல் மத்திய சர்க்கார் பள்ளிச் சமையல் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. 'மதிப்பூதியம்' என்று பெயர்!

தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க உத்தரவாயிற்று. தொடக்கத்தில் மாதம் 3,000 ரூபாய். மாதம் 22 நாள் வேலை என்று வைத்தாலும், நாளுக்கு 137 ரூபாய்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய்!

மண் வெட்டும் கைக்கு உள்ள மதிப்பு, நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும் கைக்கு வேண்டாமா?

ஊர் கொடுக்கட்டும். தனியார் கொடுக்கட்டும். தர்மம் எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால், தர்மம் ஓய்ந்த நாளிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்தப் பொறுப்பு சர்க்காருடையது.

அந்த அடுப்பு இரண்டு வயிற்றுக்காக எரிகிறது. ஒன்று, தட்டு ஏந்தி நிற்கும் பிள்ளையின் வயிறு. மற்றொன்று, கரண்டி பிடித்திருக்கும் தாயின் வயிறு.

முதல் வயிற்றுக்கு நூறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவிட்டோம். இரண்டாவது வயிற்றுக்கும் ஒழுங்காக எழுத வேண்டாமா?