ஐவிசைக் கோட்பாடும் மாத்தளைக் கோப்பியும்

ஒரு தொழிலில் இலாபம் மிகுவதும் பிறிதொன்றில் மெலிவதும் எதனால் என்னும் வினாவுக்கு, ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979ஆம் ஆண்டில் அளித்த விடை வணிகவியல் பயிலும் மாணவர் யாவரும் அறிந்ததே. உள்ளிருப்போரின் போட்டி, புதியோர் நுழைவு, மாற்றுப் பொருள்கள், வாங்குவோர் வலிமை, வழங்குவோர் வலிமை ஆகிய ஐந்து விசைகளே இலாபத்தை வரையறுக்கின்றன என்பது அவர் கொள்கை. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் எல்லை எதுவென்பதை மாத்தளை மலைநாட்டின் பழைய தோட்ட வரலாறு தெளிவுறக் காட்டும்.

பொருந்தும் இடத்தை முதலிற் காண்போம். கோப்பி தளர்ந்தபோது இலங்கைத் தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். கொயினா மருந்துக்குரிய இம்மரத்தை நடுவதற்குத் தடை ஏதுமில்லை, எல்லோரும் நட்டனர். 1880களில் பட்டை சந்தையிற் குவிந்து விலை சரிந்தது. மருந்துச் சத்து மிகுந்த யாவாப் பட்டை எஞ்சிய இலாபத்தையும் கொண்டுபோயிற்று. நுழைவு எளிதாயின் இலாபம் நில்லாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

கோப்பியின் கதையோ வேறு. இலைத்துரு நோய் இலங்கையில் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது. இலையின் அடியிற் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றும் அப்பங்கசு, ஏக்கர்தோறும் விளைவைக் குறைத்தது. துரைமாரோ விலை உயர்ந்திருந்த துணிவிற் புதுக்காடுகளை வெட்டிப் பயிரிட்டனர். 1870களில் ஐவிசை அட்டவணை எழுதப்பட்டிருப்பின், இத்தொழில் முதலீட்டுக்கு உகந்தது என்றே முடிந்திருக்கும். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். ஏற்றிச்செல்ல வேண்டிய கோப்பி அப்போது மடிந்துகொண்டிருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. பிரேசில் நாட்டு விளைவு விலையைத் தாழ்த்தியதும் உண்மையே. அது போட்டி விசை. எனினும் செடியைக் கொன்றது பங்கசு.

அரசு, தொழில்நுட்பம் முதலியன தனி விசைகளல்ல, ஐந்தின் வழியே தொழிற்படும் காரணிகளே என்பர் போர்ட்டர். நோய்க்கும் அவ்வாறே அமைதி கூறலாம். கூறின், அவ்வைந்தும் விளைவை அளக்குமேயன்றி வருவதை முன்னுணர்த்தா.

இன்னுமொரு குறை இதனினும் பெரிது. இக்கோட்பாடு உழைப்பாளரையும் வழங்குவோர் வரிசையிலேயே வைக்கிறது. அவர் வலிமை குன்றுமளவுக்குத் தொழிலின் கவர்ச்சி மிகும். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தோருள் வாந்திபேதியாலும் பசியாலும் இடைவழியில் மாண்டோர் பலர். பிழைத்து வந்தோருக்குப் பேரம் பேசும் ஆற்றல் ஏது? அட்டவணையில் இது முதலாளிக்குச் சாதகமான குறி. கோட்பாடு பொய்யுரைக்கவில்லை; முதலாளி நிற்குமிடத்தில் நின்று பார்க்கிறது, அவ்வளவே. அந்த இலாபம் எவர் இழப்பினின்று வந்தது என்று கேட்பதற்கு அதில் இடமில்லை. கோப்பி வீழ்ந்தபின் கூலி நிலுவையோடு கைவிடப்பட்டோரின் கணக்கும் அதில் ஏறுவதில்லை.