பச்சைமலையும் பொது மாறியும்

தட்டச்சுப் பொறிக்கு நினைவு கிடையாது. தட்டிய எழுத்தை அடிப்பதோடு அதன் கடமை முடிந்தது. ஆனால் கணினியில் தமிழ் தட்டும் சில முறைகளுக்கு, சற்று முன் தட்டிய விசை எது என்ற நினைவு இன்றியமையாதது. அந்த நினைவை எங்கே வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்99

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பே தமிழ்99. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாது. ஆகவே உயிரெழுத்துகளையும் அகரமேறிய மெய்களையும் ஆய்தத்தையும் விசைகளில் வைத்து, மற்றவற்றை விதிகளால் பெறுகிறோம்.

நம் துறையூரை அடுத்த பச்சைமலையையே எடுத்துக்கொள்வோம். ப, ச, ச, ஐ, ம, ல, ஐ என்று ஏழு விசைகள் போதும். ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவது தானே புள்ளி பெறும். மெய்யை அடுத்து வரும் ஐ, 'ை' என்னும் குறியாகும். சொல்லின் தொடக்கத்திலோ 'ஐ' ஆகவே நிற்கும். ஆக, ஒரு விசை என்ன எழுத வேண்டும் என்பதை அதற்கு முந்திய விசையே முடிவு செய்கிறது.

செயற்கூறும் மாறியும்

இத்தகைய விசைப்பலகையை நாமே அமைக்க உதவுவது ஆட்டோஹாட்கீ. விண்டோஸ் கணினிகளுக்காகக் கிறிஸ் மேலட் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு செயற்கூறு எழுதி, தட்டிய எழுத்தை 'முன்விசை' என்னும் மாறியில் குறித்து வைக்கிறோம் என்று கொள்க.

இங்கேதான் தொடக்க மாணவர் தடுமாறுவர். செயற்கூற்றுக்குள் மதிப்பிடப்படும் மாறி, வேறுவிதமாக அறிவிக்காவிட்டால், அதற்கே உரிய உள் மாறி. வேலை முடிந்ததும் அது மறைந்துவிடும். நம் குறிப்பேட்டில் எழுதியதைப் பக்கத்து வகுப்பினர் எப்படிப் படிக்க முடியும்? கல்லூரி அறிவிப்புப் பலகையில் எழுதினால் யாவரும் படிப்பர். அப்பலகை போன்றதே பொது மாறி. 'குளோபல்' என்ற சொல்லை முன்னிட்டு மாறியைச் செயற்கூற்றினுள் அறிவித்தால், அது பொது மாறியையே கையாளும்.

அறிவிக்க மறந்தால், பழைய முதற்பதிப்பில் முன்விசை ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே தோன்றும். பச்சைமலை 'பசசஐமலஐ' ஆகிவிடும். 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு, மதிப்பில்லாத மாறியைப் படித்ததாகப் பிழை காட்டி நிற்கும்.

மறைந்து நிற்கும் பிழை

இரண்டாம் பதிப்பில் பொது மாறியைப் படிக்க மட்டும் அறிவிப்பு வேண்டியதில்லை, மாற்றவே வேண்டும். இச்சலுகையே சில வேளை வினையாகிறது. இடைவெளி விசைக்கான செயற்கூறு முன்விசையை வெறுமையாக்க வேண்டும். அதில் அறிவிப்பு விடுபட்டால், வெறுமையாவது உள் மாறிதான். பலகையில் பழைய எழுத்து அழியாமல் இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. 'பல ஊர்' என்று தட்டினால் 'பல ூர்' என வரும். ஊகாரம் சார மெய்யின்றி இடைவெளியின் மேல் தொங்கும்!

தேவைதானா?

பொது மாறியைத் தவிர்த்து, மதிப்பை ஒரு செயற்கூற்றிலிருந்து மற்றொன்றுக்குக் கையளிப்பதே நல்ல முறை என்று பாடத்தில் படிக்கிறோம். அது பெரிதும் உண்மை. ஆனால் இங்கே ஒரு விசையின் செயற்கூறு மற்றொன்றை அழைப்பதில்லை. எப்போது எதை அழைப்பது என்பது தட்டுவோர் விரலில் இருக்கிறது. ஆகவே இங்குப் பொது மாறி பொருத்தமே. எனினும் ஒன்று போதும். இடைவெளி, அம்புக்குறி, அழிக்கும் விசை, சுட்டியின் சொடுக்கு ஆகிய எது வந்தாலும் அதை வெறுமையாக்க வேண்டும். மெய்யை அடுத்து 'அ' தட்டினாலும் அப்படியே. எழுத்தேதும் தோன்றாது, நினைவு மட்டும் அழியும். அதனால்தான் ம, அ, ம, த, ஐ எனத் தட்டி 'மமதை' என்று எழுத முடிகிறது. நடுவில் 'அ' இல்லையேல் அது 'ம்மதை' ஆகியிருக்கும்.

மாணவர் பட்டியலில் ஒரு புள்ளி தவறினாலும் ஒருவருடைய பெயர் தவறிவிடுகிறது. அத்தவறு சான்றிதழ் வரை செல்லக்கூடும். பொதுப் பலகையில் எழுதும் உரிமை பெற்றவர், வேலை முடிந்ததும் அதைத் துடைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இது செயற்கூறுகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று.