மூன்று மாதம் தூங்கிய மோட்டார் சைக்கிள்!

இரவு 11 மணி. வெளியே அடை மழை. பொன்மலையில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம்.

பேரக் குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மருந்துக் கடைக்கு ஓட வேண்டும். குழந்தையின் தகப்பனார் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய் 3 மாதம் ஆகிறது. அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் திண்ணை ஓரத்தில் நிற்கிறது.

தாத்தா சாவியைப் போட்டார். பொத்தானை அழுத்தினார். "டிக்... டிக்..." என்ற சத்தம் மட்டும் வந்தது. வண்டி கிளம்பவில்லை!

உதைத்துக் கிளப்பலாம் என்று குனிந்து பார்த்தார். உதைக்கும் மிதியே இல்லை. தள்ளிப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் மழையில் நனைந்தபடி நடந்தே போனார்.

வண்டி புதியது. பெட்ரோலும் இருக்கிறது. பின் என்ன குறை?

பாட்டரி செத்துவிட்டது!

அந்தக் காலம் வேறு

பழைய மோட்டார் சைக்கிளுக்கு பாட்டரி இல்லாவிட்டாலும் பிழைப்பு நடந்தது. பல வண்டிகளில் விளக்குக்கும் ஒலிப்பானுக்கும்தான் அது வேண்டும். ஓங்கி ஒரு உதை விட்டால் என்ஜின் கிளம்பிவிடும்.

இப்போது அப்படி இல்லை. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையானது. மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கருவி வந்தது. அந்தக் கருவிக்கும், அதை ஆட்டிவைக்கும் சின்ன கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளினாலும் பயன் இருக்காது.

பொன்மலைக்காரர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரெயில்வே தொழிற்சாலை 1920-களில் இங்கே வந்தது. அன்று முதல் என்ஜின்களோடு வாழும் ஊர் இது. அத்தனை பெரிய டீசல் ரெயில் என்ஜினையும் முதலில் கிளப்பி விடுவது பாட்டரிதான். ரெயிலுக்கு உள்ள நியாயம்தானே மோட்டார் சைக்கிளுக்கும்!

சும்மா நின்றால் ஏன் இறங்குகிறது?

பாட்டரி என்பது ஓட்டைப் பானை. தண்ணீர் எடுக்காவிட்டாலும் கசியும்.

ஈயத் தகடுகள், கந்தக அமிலம். இவைதான் பாட்டரியின் உயிர். 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிளாந்தே கண்டுபிடித்த முறை இது. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற உப்பு படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்த உப்பு கரைந்துவிடும். மாதக் கணக்கில் அப்படியே விட்டால் கல்லாக இறுகிவிடும். பிறகு என்ன செய்தாலும் பழைய பலம் வராது.

குளிர் நாடுகளில் பனிக் காலம் வந்தால் மோட்டார் சைக்கிளை மாதக் கணக்கில் கொட்டகையில் பூட்டி வைப்பார்கள். சார்ஜ் இறங்கிய பாட்டரி அங்கே உறைந்து வெடித்துவிடும். அதனால் குளிர் காலம் முழுவதும் பாட்டரியைக் காக்கத் தனி சார்ஜர் வைத்திருப்பார்கள்.

திருச்சியில் பனிக்கட்டி ஏது? இங்கே எதிரி வெயில்! 25 டிகிரி வெப்பத்தில் சும்மா இருக்கும் பாட்டரி மாதத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சார்ஜை இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

வண்டியில் இருக்கும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் வேறு சொட்டுச் சொட்டாய் உறிஞ்சும். ஒரு கணக்குப் பாருங்கள். 4 ஆம்பியர்-மணி பாட்டரி. அதிலிருந்து 1 மில்லி ஆம்பியர் மட்டும் போகிறது. ஒரு மாதத்தில் 720 மில்லி ஆம்பியர்-மணி காலி! அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. 3 மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

எந்த சார்ஜர் நல்லது?

"கார் பாட்டரிக்கு சார்ஜ் போடும் பெட்டி வீட்டில் இருக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

போதாது. ஆபத்து! கைக்குழந்தைக்கு அண்டாவில் பால் புகட்டுவது போன்றது அது. சார்ஜர் வாங்கும்போது ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: வோல்ட். வண்டி பாட்டரி 12 வோல்ட் என்றால் சார்ஜரும் 12 வோல்ட்.

இரண்டு: ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர். பல பாட்டரிகளின் மேலேயே இந்த அளவு அச்சாகி இருக்கும். அதைப் படித்து எழுதிக் கொண்டு கடைக்குப் போவது நல்லது.

மூன்று: தானாக அடங்கும் குணம். இதுதான் முக்கியம். நல்ல சார்ஜர் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றும். பாட்டரி நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, கசிந்த அளவை மட்டும் ஈடு செய்யும். பழைய மாதிரி சார்ஜருக்கு இந்தப் புத்தி கிடையாது. விடிய விடிய ஏற்றி, உள்ளே உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

நான்கு: வெப்பத்தை அறியும் வசதி. சூடு 10 டிகிரி கூடினால் சார்ஜ் வோல்ட் சுமார் 0.18 குறைய வேண்டும். திருச்சி வெயிலுக்கு இந்த வசதி மிக உதவும். இது இல்லாத சார்ஜரை மாதக் கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, பகலில், கண் முன்னே வைத்து ஏற்றிக் கழற்றி விட வேண்டும்.

ஐந்து: பாதுகாப்பு. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினாலும் தீப்பொறி வராத சார்ஜராக இருக்க வேண்டும்.

வண்டியில் இருப்பது லித்தியம் பாட்டரி என்றால் அதற்கென்று செய்த சார்ஜரையே வாங்க வேண்டும். ஈய பாட்டரி சார்ஜர் அதற்கு ஆகாது.

மாட்டும் முறை

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரலாம். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். எனவே காற்றோட்டமான இடம் வேண்டும். கொசுவர்த்தி, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைகளை அண்ட விடக் கூடாது.

முதலில் சார்ஜர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கவ்வியைக் கூட்டல் முனையில் மாட்ட வேண்டும். அடுத்து கறுப்புக் கவ்வி. கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்து, பின் கறுப்பு, அதன் பின் சிவப்பு.

தண்ணீர் ஊற்றும் பாட்டரியாக இருந்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செலவில்லாத வழி

சார்ஜர் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம்.

வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் வண்டியை ஓட்டினாலே போதும். நின்ற இடத்தில் 5 நிமிடம் உறும விடுவது பயன் தராது. கிளப்பியதில் செலவான சார்ஜ்கூடத் திரும்பி வராது.

ஓட்ட ஆள் இல்லாவிட்டால், ஊருக்குக் கிளம்பும் முன் பாட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கழித்தல் முனைக் கம்பியைக் கழற்றிவிடலாம். கடிகாரம் உறிஞ்சுவது நின்றுவிடும். பிறகு மாதம் ஒரு முறை மெக்கானிக்கிடம் கொடுத்து ஏற்றி வாங்கலாம்.

வீட்டில் வோல்ட் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சார்ஜ் போட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 12.7 வோல்ட் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் பசி. 12 என்றால் பட்டினி!

முழுதாக ஏற்றியும் மறு நாளே இறங்கிவிட்டால் பாட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எந்த சார்ஜரும் காப்பாற்றாது. பழைய பாட்டரியை வீட்டில் உடைக்கக் கூடாது. ஈயம் விஷம். கடையில் கொடுத்தால் புதிய பாட்டரி விலையில் கழித்துக் கொள்வார்கள்.

தாத்தாவின் முடிவு

மழையில் நனைந்த தாத்தா என்ன செய்வார்? மறு நாளே பாட்டரியின் மேல் உள்ள எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். துண்டுச் சீட்டில் குறித்துக் கொள்வார். தானாக அடங்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குவார். வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வட்டம் போடுவார்.

மகன் ஊர் திரும்பி, "அப்பா, வண்டி கிளம்புமா?" என்று கேட்பான்.

தாத்தா பதில் சொல்ல மாட்டார். பேரனைத் தூக்கி முன்னால் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்வார். ஒரே அழுத்து. வண்டி உறுமும்!