சிறிய படுக்கையறைக்கு ஒரு தொங்கு விளக்கு

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்தது 1929-ஆம் ஆண்டில். அதற்கெனக் கட்டப்பெற்ற மின்நிலையத்தின் நினைவைச் சாலைக் கடைத்தெருவுக்கு அருகிலுள்ள பவர் ஹவுஸ் ரோடு இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. அதற்கு முன் இந்நகரில் தொங்கு விளக்கென்றால் சங்கிலியில் ஆடும் பித்தளைத் தூக்கு விளக்குதான். இன்றோ கண்ணாடி, மூங்கில், பிரம்பு, இரும்பு, துணி என எத்தனையோ வகைகள் கடைகளில் தொங்குகின்றன. அழகில் மயங்கி வாங்கிவந்து, மாட்ட இடமின்றித் திகைப்போர் நம்மவரில் உண்டு.

கரமனையிலும் கோட்டையிலும் வலியசாலையிலும் சிறு வீடுகளில் வாழும் குடும்பங்கள் நம்மிற் பல. பத்தடிச் சதுர அறையொன்றில் பாட்டியார் உறங்க வேண்டும். அதே அறையில் பேரன் பரீட்சைக்குப் படிக்கவும் வேண்டும். விளக்கு இவ்விருவருக்கும் பொதுவானது என்பதைக் கடைக்குள் நுழையுமுன் நாம் நினைவிற் கொள்ளுதல் நலம்.

இவ்வூர்ப் புழுக்கத்தில் அறையின் நடுவிடம் மின்விசிறிக்கே உரியது. அதனோடு வழக்காடிப் பயனில்லை. விசிறியை ஒட்டி விளக்கைத் தொங்கவிட்டால் இறக்கைகளின் நிழல் சுவரெங்கும் சுழன்று கண்ணை வருத்தும். காற்றில் விளக்கு ஊசலாடி இறக்கையில் மோதவுங்கூடும். ஆகவே மூலையே தக்க இடம். பத்தடி அறையின் நடுவில் 48 அங்குல விசிறி சுழன்றாலும் இறக்கை நுனிக்கும் மூலைக்கும் இடையே 5 அடி எஞ்சும். மூலையில் எவரும் நடமாடார். எனவே விளக்கைப் படிப்பவரின் தோளுக்குச் சற்று மேல்வரை இறக்கிக் கட்டலாம்.

குடை ஒளி புகாததாக இருக்கட்டும். கண்ணாடிக் கோளம் அறை முழுவதும் ஒளி பரப்பி உறங்குவோரை எழுப்பிவிடும். கீழ்நோக்கிய உலோகக் குடையோ புத்தகத்தின்மேல் மட்டும் ஒளியைக் கொட்டும். மேல்நோக்கிய கிண்ண வடிவை அறவே விலக்குக. முதல் மழைக்கு எழும் ஈசல்கள் அதில் நிறைந்துவிடும். கடற்காற்றில் இரும்பு துருவேறும், இடவப்பாதி மழையில் துணியும் பிரம்பும் பூஞ்சை பிடிக்கும், பித்தளையைப் புளியிட்டுத் துலக்க இக்காலத்தில் யாருக்கு நேரம்? வண்ணம் பூசிய அலுமினியமே நம் தெரிவு.

பல்பு 9 வாட் எல்.இ.டி. போதும், பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அது ஏறக்குறைய நிகர். கேரள மின்வாரியம் 2021-இல் பழைய பல்புகளுக்கு ஈடாக வழங்கத் தொடங்கியதும் 9 வாட் பல்புகளே. பெட்டியின்மேல் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருப்பதை எடுங்கள். நீலம் கலந்த வெள்ளொளி இரவில் உறக்கத்தைத் தள்ளிப்போடும். பாட்டியாரும் இராமாயணம் விரிப்பவராயின் இன்னும் சற்றுப் பெரிய பல்பு வேண்டியிருக்கும். முதிய கண்ணுக்குள் இளங்கண்ணினும் மிகக் குறைந்த ஒளியே சென்று சேர்கிறது.

விளக்கின் எடையை மின்கம்பி தாங்கலாகாது. சங்கிலியும் கொக்கியும் தாங்க வேண்டும். மரமச்சு உள்ள பழைய வீடுகளில் கொக்கியைப் பலகையில் அன்று, உத்தரத்தில் பொருத்துக. உலோகக் குடைக்கு நில இணைப்புக் கம்பி இன்றியமையாதது. வாடகை வீட்டினர் துளையிடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுதல் நன்று.

வாங்குமுன் காகிதக் கூம்பு ஒன்றை நூலிற் கட்டி அம்மூலையில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். எவர் தலையிலாவது இடித்தால் நூலைச் சுருக்கலாம். சரியான உயரம் அமைந்ததும் அந்நூலையே அளவாக எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம்.